உடன் வராதவர்

பந்தலூர் பஜாரில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேசன், ஆன்லைன் விண்ணப்பம்.
இங்கே மழைக்காலத்தில் தாளும் வியர்க்கும்;
பிரிண்டருக்குள் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றை
எரியவிட்டுத்தான் பக்கம் எடுப்பேன்.

சேரம்பாடி குவார்ட்டர்ஸிலிருந்து
இருவரும் ஒரே குடையில் வந்தார்கள்.
பெரியண்ணன், எழுபத்தெட்டு. அழகாயி, எழுபத்திரண்டு.
கனடாவிலிருந்து மகன் யோகேஸ்வரன் ஸ்பான்சர் செய்கிறான்.
மூன்று வருடத்துச் சம்பளக் கணக்கைக் காட்டி
இவர்களுக்குச் சோறு போடுவேன் என்று
அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

மஞ்சள் பையிலிருந்து
மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை எடுத்தார்.
நான்காய் மடித்து மடித்து
மடிப்பில் எழுத்து உதிர்ந்திருந்தது.
கணவன். மனைவி. ஆண் குழந்தை ஒன்று.
இளையவன் யோகேஸ்வரன் இங்கே வந்து பிறந்தவன்.

'பிள்ளைகள் எல்லோர் பேரும் வேணும்,' என்றேன்.
'கூட வராதவங்க, கல்யாணம் ஆனவங்க, எல்லாரும்.
இப்ப விட்டுட்டா
பின்னாடி அவங்களக் கூப்பிடவே முடியாது.'

'ரெண்டு,' என்றார் பெரியண்ணன்.
அழகாயி லேமினேசன் மிசினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வரி நிரப்பினேன்.
மூன்றாவது வரி சும்மா இருந்தது.

மறுநாள் மதியம் கரண்ட் இல்லை.
யானை இறங்கியிருக்கிறது என்று ரோட்டில் ஜீப் நின்றது.
தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு
அவள் மட்டும் வந்தாள்.

'மூணு,' என்றாள்.

இன்வெர்ட்டர் கீச்சிட்டது.
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
'நாத்தனார் வீட்ல வளந்துச்சு. அவங்க சிலோன் பிரஜைக்கு எழுதிப் போட்டப்ப
பிள்ளை பேரையும் அவங்க காயிதத்துல சேத்துட்டாங்க.
கப்பலுக்கு வந்த லிஸ்ட்ல
எங்க பேரு இருந்துச்சு, அது பேரு இல்ல.
போயி எழுதிப்போட்டு வரவழைச்சிக்கலாம்னாரு.
எண்பத்தி மூணு வரைக்கும் காயிதம் வந்துச்சு.'

பெயர்? 'புஸ்பராணி.'
பெரிய 'ஷ்' வேண்டாம், இப்படித்தான் கூப்பிட்டோம் என்றாள்.
பிறந்த தேதி?
'வெள்ளிக்கிழமை. சம்பளத்துக்கு மொத நாளு.'
வருடம்?
விரலில் எண்ணி, பாதியில் விட்டுவிட்டாள்.
தற்போதைய முகவரி?
சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி:
உயிருடன் இருக்கிறாரா, இல்லையா.
அதற்கு மட்டும் யோசிக்கவில்லை.
'உசுரோட இருக்கான்னு போடுங்க.'

தேதி இல்லாமல் கணினி அடுத்த பக்கம் போகாது.
சிவப்பில் ஒரு நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது.

'அவருகிட்ட சொல்லிறாதீங்க,' என்று போனாள்.
பிரிண்ட் எடுக்காத பக்கத்துக்கும்
இருபது ரூபாய் வைத்துவிட்டு.

வெள்ளிக்கிழமை காலை
கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தார் பெரியண்ணன்.
குடை இல்லை. செருப்பில் செம்மண்.
ஸ்டூலில் உட்காரவில்லை.

'அந்த மூணாவது வரி,' என்றார்,
'இன்னும் காலியாவா கெடக்கு?'

நான் ஒன்றும் சொல்லவில்லை.

'எழுபத்தி மூணு. நவம்பர். ஒம்போது.'

எண்களை ஒவ்வொன்றாய்,
யாரோ அவரிடம் எண்ணிக் கொடுத்துவைத்ததை
எண்ணித் திருப்பிக் கொடுப்பதுபோல் சொன்னார்.

பிறகு ஷட்டரைப் பிடித்துக்கொண்டு:
'அவளுக்குத் தெரிய வேணாம்.
நான் மறந்துட்டேன்னுதான்
நெனச்சுக்கிட்டு இருக்கா.'

நட்சத்திரம் அணைந்தது.
அடுத்த பக்கம் திறந்தது:
மேற்கண்டவை யாவும் உண்மை.
விண்ணப்பதாரர் கையொப்பம்.
துணைவர் கையொப்பம்.

திங்கட்கிழமை
இருவரையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன்.